லாரிக்கு அடியில் ஒழுகுகிறதா? கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

காலையில் வண்டியை எடுத்த இடத்தில் தரையில் கறை தெரிந்தால் உடனே ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். லாரியைப் பொறுத்தவரை சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். வண்டி நின்றதும் அது கீழே இறங்கி, தாழ்வாக இருக்கும் ஏதாவது ஒரு போல்ட்டின் நுனியில் தொங்கும். இன்ஜினின் தலையில் இருக்கும் டேப்பட் கவர் பேக்கிங்கில் தொடங்கிய கசிவு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப் ஓரத்தில் வந்து சொட்டுவது சாதாரணம். சொட்டைப் பார்த்துவிட்டு சம்ப் பேக்கிங்கை மாற்றினால் காசும் போகும், ஒழுகலும் நிற்காது. அதனால் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

அடியில் போவதற்கு முன்னால்

சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். டிப்பராக இருந்தால், தூக்கிய தொட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் கீழே தலையை நீட்டாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

என்ன ஒழுகுகிறது?

இரவு நிறுத்தும்போது, கறை விழும் இடத்தில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். முன்பக்கம் எது என்று அதில் ஒரு அம்புக்குறி போட்டுவைத்தால் காலையில் குழப்பம் வராது.

கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் பாக்ஸ் ஆயிலோ, பின் ஆக்சிலின் நடுவே இருக்கும் கிரவுன் எனும் பல்சக்கரப் பெட்டியின் ஆயிலோதான். பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறத்தில், லேசான இனிப்பு வாடையோடு இருப்பது கூலன்ட். சிவப்பு எண்ணெய் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங்கிலிருந்து வரும். டீசலை மூக்கே சொல்லிவிடும். தெளிவான தண்ணீர்போல இருந்து, காய்ந்ததும் வெள்ளை உப்பாகப் படிந்தால் அது டி.இ.எஃப் எனப்படும் யூரியா கரைசல். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் தயாரான பெரும்பாலான லாரிகளில் இதற்குத் தனித் தொட்டி இருக்கிறது. ஏசி வண்டியில் சொட்டும் சுத்தமான தண்ணீருக்குக் கவலைப்பட வேண்டாம்.

டீசல் கசிவை மட்டும் கையால் தடவித் தேடாதீர்கள். காமன் ரயில் இன்ஜினின் ஹை பிரஷர் பைப்பில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்தப் பைப்பில் கசிவு என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

பழைய அழுக்கு இருக்கும்வரை எதுவும் தெரியாது. சந்தேகப்படும் பகுதியை டீசலும் பிரஷும் வைத்துக் கழுவி, வேஸ்ட் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு அந்த இடம் முழுக்க டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஃபேன், பெல்ட் பக்கமும் சைலன்சர் பக்கமும் வேண்டாம். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் கறுப்புக் கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் நுனி எங்கே நிற்கிறதோ, அங்கேதான் கசிவு. நின்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒரு சின்ன ஓட்டம் போய் வந்து பாருங்கள். கிரவுன் கசிவும், சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் கசிவும் ஓடினால்தான் வெளியே வரும்.

நீங்களே செய்யக்கூடியவை

புதியவர்கள் அடிக்கடி சந்திப்பது சம்ப் டிரெயின் பிளக் கசிவு, அதுவும் ஆயில் மாற்றிய அடுத்த நாளே. காரணம் பெரும்பாலும் வாஷர். பிளக்கோடு இருக்கும் செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும். மறுபடி போட்டால் சரியாக உட்காராது. பழைய வாஷர் சம்ப்பின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. அது தெரியாமல் புதியதை அதன்மேல் போட்டால் இரண்டு வாஷராகி இன்னும் ஒழுகும். ஆயிலை இறக்கியதும் அந்த முகத்தை விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், விளிம்பு தட்டினால் வாஷர் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டுத் துடைத்து, புது வாஷரோடு பிளக்கைக் கையாலேயே திருகுங்கள். கையில் ஏறாமல் பிடித்தால் மரை கோணலாக விழுகிறது. கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி இறுக்கத்துக்கு ரிங் ஸ்பேனர் போதும். அதில் பைப் மாட்டி இழுத்தால் மரை போய்விடும்.

கூலன்ட் என்றால் முதலில் ஹோஸ் நுனிகளைப் பாருங்கள். உப்பிய, வெடித்த ஹோஸை மாற்றத்தான் வேண்டும். கிளிப்பை, பைப் நுனியில் இருக்கும் மேட்டுக்குப் பின்னால் வைத்து இறுக்குங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. அந்த ஓட்டையைப் பேஸ்ட் வைத்து அடைக்காதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்பே நின்றுவிடும். திரும்ப நிரப்பும்போது போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதன் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். கம்பெனி சொன்ன கூலன்ட்டையே ஊற்றி, இன்ஜின் ஒருமுறை ஓடி ஆறியதும் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

கிரவுன் முகப்பில் ஒழுகினால் எல்லாரும் அங்கே ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் பினியன் சீலைத்தான் குறை சொல்வார்கள். அதற்கு முன், ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரை, அதாவது காற்று வெளியேறும் சின்னக் குழாயை, கழற்றி ஊதிப் பாருங்கள். குவாரியிலும் செம்மண் சாலையிலும் ஓடும் வண்டிகளில் அது சேறு அடைத்துக் கல்லாகக் கிடக்கும். ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று வெளியேற வழியில்லாமல், சீல் உதட்டைத் தாண்டி எண்ணெயைத் தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் மறுபடி ஒழுகும்.

பட்டறைக்கு விட வேண்டியவை

பினியன் சீலையே மாற்ற வேண்டியிருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பினியன் நட்டை இஷ்டத்துக்கு இறுக்கினால் பேரிங் லோடு மாறி கிரவுனே போகும். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே சொட்டினால் நெடியை வைத்து எந்த ஆயில் என்று சொல்லிவிடுங்கள். கியர் பாக்ஸை இறக்கித்தான் சீல் மாற்ற முடியும்.

சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ஹப் சீல் போய் எண்ணெய் டிரம்முக்குள் இறங்கியிருந்தால், அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கை பெட்ரோலில் கழுவிப் போடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடேறியதும் ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். சீலோடு லைனிங்கும் புதியதாக இருக்கட்டும், அதே ஆக்சிலின் அடுத்த பக்கத்துக்கும் சேர்த்து.

வேலை முடிந்ததும் எல்லா மட்டத்தையும் சரிபார்த்து, ஒழுகிய இடத்தைத் துடைத்து, ஒரு லோடு போய் வந்து மறுபடி அட்டையை விரியுங்கள். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, அனுமதி பெற்ற பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். நிறுத்துமிடத்தில் சிந்தியதன்மேல் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளிவிடுங்கள். பின்னால் வரும் இருசக்கர வண்டி அதில் வழுக்கும்.