அம்மா பெயரைச் சேர்க்கும் முன்

வெளிநாட்டில் வேலை, மதுரையில் பெற்றோர். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கான என்.ஆர்.இ. கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்துவிட்டால் வேண்டியபோது எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். திருநகரிலிருந்து பஸ் ஏறி வங்கிக்குப் போனவர், காசோலையை மஞ்சள் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெயிலில் திரும்பி வந்தார்.

விதி இதுதான்: இந்தியாவில் வசிக்கும் நெருங்கிய உறவினரை அந்தக் கணக்கில் 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் மட்டுமே சேர்க்கலாம். நாம் இருக்கும்வரை பிடி நம் கையில்தான். உடன் சேர்பவரும் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால்தான் 'இருவரில் எவரும்' என்று எழுதிக்கொடுக்க முடியும். அம்மா பணம் எடுக்க வேண்டுமானால், பெயரைச் சேர்த்ததோடு நிற்காமல் பவர் பத்திரமும் கொடுக்க வேண்டும். அதை வைத்து உள்ளூர்ச் செலவுகளுக்கு எடுக்கலாம். நம் சார்பில் யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. வங்கிக் கிளையில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும்.

மாதச் செலவுக்கு மட்டும் என்றால் இத்தனை சுற்று வேண்டாம். அம்மாவின் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கே நேரடியாக அனுப்பிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

ஊரில் வீட்டு வாடகை வருகிறதா? அதைப் பொதுவாக என்.ஆர்.ஓ. கணக்கில், அதாவது இந்தியாவில் வரும் வருமானத்துக்கான வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில்தான் போடுவார்கள். அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் தொகையும் வரியாகப் பிடிப்பார்கள், என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. கல்லூரிக் காலத்தில் திறந்த பழைய சேமிப்புக் கணக்கையும் மறக்காமல் என்.ஆர்.ஓ.வாக மாற்றிவிடுங்கள்.