எந்தப் படியில் தடுமாறுகிறார்? டிமென்ஷியா வந்த பெரியவருக்கு வீட்டில் கைகொடுக்கும் முறை

டிமென்ஷியா (மறதி நோய்) வந்தவருக்கு ஒரு வேலை மொத்தமாக மறந்துபோவதில்லை. நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நின்றுவிடுகிறது. குளிக்கப் போன மாமனார் குளியலறையில் சும்மா நிற்கிறார் என்றால் குளிக்கவே மறந்துவிட்டார் என்று பொருள் இல்லை. குழாயைத் திறப்பதா, சட்டையைக் கழற்றுவதா, எது முதலில் என்பது பிடிபடவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மொண்ட கப்பைக் கையில் கொடுத்தால் அவரே ஊற்றிக்கொள்வார். டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் காரணமான அல்சைமர் நோய் புதிய நினைவையும் திட்டமிடும் திறனையும் முதலில் தாக்குகிறது. பல ஆண்டுகள் செய்து செய்து கையில் ஊறிய பழக்கம் வெகுநாள் தங்கும்.

வீட்டில் நாம் செய்வது வேறு. பேஸ்ட் பிதுக்கத் தெரியவில்லை என்றால் பல்லையும் நாமே தேய்த்துவிடுகிறோம். வேலை சீக்கிரம் முடிகிறது. சில வாரத்தில் பிரஷைப் பிடிக்கும் பழக்கமும் போய்விடுகிறது, பிறகு அதை நோய் முற்றிவிட்டதென்று கணக்கில் எழுதுகிறோம்.

ஆகவே முதல் வேலை கவனிப்பது. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், பல் தேய்ப்பதோ வேட்டி கட்டுவதோ. மூன்று நாள், சற்று விலகி நின்று பார்த்து, எந்த இடத்தில் கை நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் உதவுங்கள், அதுவும் குறைந்த உதவியிலிருந்து தொடங்கி. பொருளைக் கண்ணில் படும்படி வையுங்கள். போதவில்லையா, விரலால் காட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று சொல்லில் சொல்லுங்கள்: "சட்டையைக் கழட்டுங்க." அதற்கும் நகரவில்லையானால் எதிரில் நின்று நீங்கள் செய்து காட்டுங்கள். அடுத்தது அவர் கையைப் பிடித்துத் தொடங்கி வைப்பது. பெரும்பாலும் தொடங்கிவிட்டால் மீதி தானாக ஓடும். முழுக்க நாமே செய்வது கடைசி.

ஒவ்வொன்றுக்கும் நடுவே மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள். காதில் விழுந்த சொல்லை மூளை பிரித்தெடுக்க அவ்வளவு நேரம் ஆகலாம். பதில் வரவில்லை என்று அதையே வேறு வார்த்தையில் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே சொல்லையே திரும்பச் சொல்லுங்கள்.

கேட்கும் விதம்

"என்ன சாப்பிடுதீங்க?" என்பது அவருக்குப் பரீட்சைக் கேள்வி. என்னென்ன உண்டு என்று நினைவிலிருந்து எடுக்க வேண்டும், ஒப்பிட வேண்டும், சொல்லைத் தேட வேண்டும். ஆப்பம் ஒரு தட்டிலும் புட்டு ஒரு தட்டிலும் வைத்து இரண்டையும் காட்டி, "எது வேணும்?" என்று கேளுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். இதில் ஒரு பொறி உண்டு. சிலர் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். பால் டீயா, பாலில்லாத டீயா என்பதை "சாயாவா, கட்டனா?" என்று கேட்டால் "கட்டன்", "கட்டனா, சாயாவா?" என்றால் "சாயா". வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பதிலும் கூடவே மாறினால் வாய்ச்சொல்லை நம்பாமல், கை எந்தக் கோப்பைக்கு நீள்கிறது என்று பாருங்கள். பேச்சே நின்றவர்களிடமும் விருப்பம் இருக்கும். வாயைத் திறப்பது, முகத்தைத் திருப்புவது, தட்டைத் தள்ளுவது எல்லாம் பதில்தான்.

மறுக்க முடியாத விஷயத்தை மறுக்கலாம் என்பதுபோலக் கேட்கக் கூடாது. "குளிக்கியளா?" என்றால் "வேண்டாம்" என்று வரும். பிறகு இழுத்துக்கொண்டு போனால் அவர் சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை என்றுதான் ஆகும். "குளிச்சிட்டுச் சாயா குடிக்கலாமா, குடிச்சிட்டுக் குளிக்கலாமா?" என்பது உண்மையான தேர்வு. அதற்கும் வேண்டாம் என்றால் விடுங்கள், இருபது நிமிடம் கழித்து வேறொருவர் வந்து கேட்கட்டும். ஒரு நாள் குளிக்காததால் குடி முழுகிவிடாது.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பிப்பதை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். "அத்தை, நான் உங்க தம்பி மக செல்வி வந்திருக்கேன்" என்று வருகிறவரே சொல்லிக்கொண்டு வரட்டும். வீட்டில் நிற்கும் ஹோம் நர்ஸ் பெரியவர்களைப் "பாப்பா", "குட்டி" என்று கூப்பிட விடாதீர்கள். வாத்தியாராக இருந்தவர் "சார்"தான். மற்றவர்கள் பாட்டா, ஆச்சி, அம்மச்சி என்று அந்த வீட்டில் எப்படியோ அப்படி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒன்று: 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் (இன்று பெரும்பாலும் கேரளம்) இருந்த பகுதி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இன்று எண்பதைத் தாண்டியவர்களில் முதலில் மலையாள எழுத்துப் படித்தவர்கள் உண்டு. நோய் கூடக்கூடப் பின்னால் கற்றது முதலில் நழுவும். கழிப்பறைக் கதவில் தமிழில் எழுதி ஒட்டியும் பயனில்லை என்றால் மலையாளத்தில் எழுதிப் பாருங்கள், கூடவே படமும். மலையாளத்தில் பேசத் தொடங்கினால் திருத்தாமல் அதிலேயே பதில் சொல்லுங்கள்.

குளியல்

அதிகம் சண்டை நடக்கும் இடம் இதுதான், காரணங்களும் தெளிவானவை. குளத்திலும் கிணற்றடியிலும் குளித்து வளர்ந்தவர் தலையில் ஷவர் தண்ணீர் திடீரென்று விழுந்தால் அடி விழுந்ததுபோல் பதறுவார். வாளியும் கப்பும் போதும். வெந்நீரை முன்கூட்டியே விளாவி, உங்கள் முழங்கையை முக்கிப் பாருங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. வெந்நீர்க் குழாயை அவர் கைக்கெட்டும்படி விடக் கூடாது.

கால் வழுக்காத, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள். மடியில் ஒரு துவர்த்து (துண்டு) போட்டுவிடுங்கள், அது நனைந்தாலும் பரவாயில்லை. பிறர் முன்னால் உடுப்பில்லாமல் இருக்கும் கூச்சம் நோயால் போவதில்லை, கைகலப்பில் பாதி அதனால்தான். பாதத்திலிருந்து மேலே வாருங்கள், தலை கடைசி. தலைக்கு ஊற்றுவதை வேறொரு நாளுக்கு வைத்தாலும் சரி. சோப்பை அவர் கையில் கொடுங்கள். முதுகை நீங்கள் தேய்க்கும்போது கையையும் நெஞ்சையும் அவர் தேய்ப்பார்.

தரையில் கறுப்பு மிதியடி போடாதீர்கள். அவர் கண்ணுக்கு அது குழி, தாண்டப் போய் விழுவார். தரை நிறத்திலேயே மிதியடி வாங்குங்கள். புது வீடுகளின் பளபளக்கும் டைல்ஸ் ஈரத்தரைபோலத் தெரிந்து நடக்க மறுப்பதும் இதே கோளாறுதான். கண்ணாடியில் யாரோ நிற்பதாகச் சொன்னால் விவாதிக்காமல் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள்.

கழிப்பறையில் வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோப்பை என்றால் எங்கே உட்காருவதென்று தெரியாது. இருக்கை வளையத்தை மட்டும் நீலத்தில் மாற்றுங்கள். ஆயுள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தவர் கோப்பையின் மேல் ஏறிக் குந்தப் பார்ப்பார், இடுப்பெலும்பு முறிவது இப்படியும்தான். சில வாரம் கூடவே போய் உட்கார்ந்து பழக்க வேண்டும், பக்கச் சுவரில் உறுதியான கைப்பிடி வேண்டும். இரவில் கதவைத் திறந்து வைத்து உள்ளே சிறு விளக்கு எரியட்டும். கண்ணில் பட்டால்தான் நினைவுக்கு வரும்.

சாப்பாடு, உடுப்பு

கரண்டியைக் குழப்பிக்கொள்பவரும் கையால் பிசைந்து சாப்பிடுவார். ஊட்டத் தொடங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது, எவர்சில்வர் மினுங்கும். வாழையிலை நல்லது, பச்சையில் சோறு எடுப்பாகத் தெரியும். அவியல், தீயல், பொரியல் என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைக்காமல் ஒவ்வொன்றாக வையுங்கள்.

மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் மீனை நிறுத்துவது தண்டனை. சாளை, நெத்திலியை விட்டு, நெய்மீன், சூரை போன்ற பெரிய மீனின் துண்டை எடுத்து முள் பார்த்து உதிர்த்துக் கொடுங்கள். புட்டு உதிர்ந்து தொண்டையில் ஒட்டும். பயறோ பழமோ சேர்த்து நன்றாகக் குழைத்த பிறகே கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முடித்து அரை மணி நேரம் படுக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமல், குரல் ஈரமாகக் கொழகொழப்பது, சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைப்பது இவற்றில் எது தெரிந்தாலும் விழுங்குவதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடுப்பை உடுக்கும் வரிசையில் அடுக்கி வைத்தால் போதும். ஒட்டும் வேட்டி உதவும். ஒரே சட்டையைத்தான் போடுவேன் என்றால் அதேபோல் மூன்று வாங்குங்கள், சண்டை தீர்ந்தது.

கைக்கு வேலை

தோவாளைப் பக்கத்தில் பூக்கட்டி வாழ்ந்த கையிடம் நூலையும் பிச்சியையும் கொடுங்கள். கடற்கரை ஊரானால் பழைய வலைத்துண்டு. மற்றவர்களுக்கு உள்ளி உரிப்பது, முருங்கைக் கீரை ஆய்வது, ஓலையிலிருந்து ஈர்க்கு உரிப்பது. சரியாக வராவிட்டால் அவர் போன பிறகு நாம் மறுபடி செய்துகொள்ளலாம், அவர் கண்முன்னால் செய்யக் கூடாது. மாலை ஜெபத்தில் பாடுவது, அய்யாவழிப் பதிக்குப் போகத் தலைப்பாகை கட்டுவது, தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூ செய்வது போன்றவையும் பிந்திய கட்டம்வரை கையில் நிற்கும். அவற்றை யாரும் முந்திக்கொண்டு செய்துவைக்க வேண்டாம்.

வெளியே போக நினைத்தால்

கதவைப் பூட்டினால் அவர் ஜன்னலுக்கும் பின்கதவுக்கும் போவார். போகும் தேவையைக் கண்டுபிடிப்பது மேல். சாயாக் கடை, சந்தை, கோயில், பழைய வீடு என்று பெரும்பாலும் பழகிய வழியாகத்தான் இருக்கும். அந்த நேரத்துக்கு முன்பே நீங்களே "வாங்க, போவோம்" என்று கூட்டிப் போனால் பாதி தீரும். தனியாக நடக்க ஆசைப்பட்டால் பத்தடி பின்னால் போங்கள். சாயாக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், முக்குக் கடை அக்கா எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிப் போன் எண் கொடுத்து வையுங்கள். ஒளித்து வைத்தால் தொலைந்த அன்று யாருக்கும் தெரியாது. சட்டையின் உள்பக்கத்தில் பெயரும் எண்ணும் தைத்துவிடுங்கள்.

நடமாட்டத்தைக் குறைப்பதைவிட ஆபத்தைக் குறைப்பதே நம் வேலை. கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். வெட்டுகத்தியும் அரிவாளும் உள்ளே போகட்டும். ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது மகா ஆபத்து, அதைப் பூட்டிய அறைக்கு மாற்றுங்கள். காணாமல் போனால் முதலில் கிணறு, குளம், சானல் (கால்வாய்) கரை, பிறகு தெரு என்று தேடுங்கள். கால் மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் போலீஸுக்கு 112. ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

சாயங்காலம் "எனக்கு வீட்டுக்குப் போணும்" என்று தொடங்குபவரிடம் "இதுதானே உங்க வீடு" என்று சொல்லிப் பயனில்லை. "வீட்டுல யாரு இருக்கா?" என்று கேளுங்கள், பசியா, பயமா, மூத்திரம் முட்டுகிறதா என்று தெரியவரும். இருட்டுவதற்கு முன்பே, ஐந்தரைக்கே விளக்கைப் போட்டுவிடுங்கள்.

காகிதமும் காசும்

முடிவெடுக்கும் திறன் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனி. நிலம் விற்பதன் விளைவு புரியாதவருக்கும் எந்த டாக்டரிடம் போவதென்று சொல்லத் தெரியும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் திறன் உண்டு என்றே தொடங்குகிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும், எந்த மனநலச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கவும் உரிமை தருகிறது. தெளிவாக இருக்கும்போதே, காலை வேளையில், இதைப் பேசி முடியுங்கள். "பவர் (பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம்) வாங்கியாச்சு, இனி கவலையில்லை" என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நினைப்பது தவறு. எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் செல்லாது. வீட்டை எழுதித் தருகிறவர் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567.

அன்றாடச் செலவுக்குப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக அவர் பையில் இருக்கட்டும். மீன்காரியிடம் பேரம் பேசுவதைப் பறிக்க வேண்டாம்.

மாத்திரை கேட்கும் முன்

அலைகிறார், கத்துகிறார் என்று தூக்க மாத்திரை கேட்பவர்கள் அதிகம். தூக்க மருந்து விழ வைக்கும். மனநோய்க்கான சில மருந்துகள் டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டும். வலி, மலச்சிக்கல், காதில் அழுக்கு, மூக்குக்கண்ணாடி மாறிப்போனது எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், அல்லது வழக்கத்துக்கு மாறாக மயங்கித் தூங்கிக்கொண்டே இருந்தால், அதை நோய் முற்றியது என்று விடக் கூடாது. மூத்திரத் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, புதிதாகச் சேர்த்த மருந்து இவற்றில் ஒன்றாக இருக்கலாம், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதே. அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். மாத்திரை அட்டைகள் அத்தனையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் சொன்னால் அமைதியாவார், எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தக் காது கேட்கும் என்று ஒரு தாளில் எழுதி வார்டு நர்ஸிடம் கொடுங்கள். கண்ணாடியும் காது மிஷினும் பல்செட்டும் கூடவே போகட்டும்.