முதல் மாடுலர் சிந்தசைசர்: மாட்யூலுக்கு முன்னால் பவரைக் கணக்குப் போடுங்கள்

மாட்யூல்கள் எனப்படும், தனித்தனி வேலை செய்யும் மின்னணுப் பலகைகளைக் கேபிளால் இணைத்து ஒலி உருவாக்கும் கருவிதான் மாடுலர் சிந்தசைசர். அதன் மேல் ஆசை வருகிற விதம் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான். ஏதோ ஒரு வீடியோவில் ஒரு மாட்யூலின் ஒலி மனதைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் அதை வாங்குகிறோம். அப்புறம் அதற்குத் துணையாக இன்னொன்று, பிறகு இரண்டையும் வைக்க ஒரு பெட்டி, கடைசியில்தான் பவர் சப்ளை. நானும் இதே வரிசையில்தான் வாங்கினேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பெரும்பாலான தவறுகள் நம்மை அண்டாது. பவரும் பெட்டியும் முதலில், ஒலியை அடக்கி ஆளும் சின்ன மாட்யூல்கள் அடுத்து, மனதைப் பிடித்த அந்த மாட்யூல் அதற்குப் பிறகு.

இங்கே நான் பேசுவது யூரோராக் அமைப்பைப் பற்றி. ஜெர்மானியப் பொறியாளர் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் தன் ஏ-100 வரிசையோடு கொண்டுவந்த அளவுமுறை இது. முகப்பு உயரம் 128.5 மி.மீ., அகலத்தை எச்பி என்ற அலகில் சொல்வார்கள், 1 எச்பி என்பது 5.08 மி.மீ. புக்லா, செர்ஜ், மூக் பாணி 5 யூ எல்லாம் வேறு வேறு அளவுமுறைகள். பலகையின் உயரம், ஜாக்கின் வகை, பவர் இணைப்பு என எல்லாமே மாறும். பழைய மாட்யூல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதென்று எடுப்பதற்கு முன் அது எந்த முறையைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

சரி, பவருக்கு வருவோம். யூரோராக் பெட்டிக்குள் மூன்று மின்தடங்கள் ஓடுகின்றன: +12 வோல்ட், −12 வோல்ட், +5 வோல்ட். ஒவ்வொரு மாட்யூலும் ஒவ்வொரு தடத்திலிருந்தும் எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். மூன்றையும் கலந்து ஒரே தொகையாகக் கூட்டிப் பார்ப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. உங்கள் சப்ளை +12-இல் 1200, −12-இல் 1200 மில்லி ஆம்பியர் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மாட்யூல்களுக்கு +12-இல் 1150-உம் −12-இல் 480-உம் தேவை. மொத்தமாகப் பார்த்தால் 2400-க்கு 1630, நிறைய மிச்சமிருப்பது போலத் தெரியும். உண்மையில் +12 தடத்தில் மிச்சம் வெறும் 50. −12-இல் சும்மா கிடக்கும் 720-ஐ இந்தப் பக்கம் இரவல் வாங்க முடியாது.

இப்படி ஒரு பக்கம் சாய்வது அபூர்வமும் இல்லை. டிஜிட்டல் மாட்யூல்கள் பெரும்பாலும் +12-ஐத்தான் உறிஞ்சும். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிளெய்ட்ஸ் +12-இல் 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, −12-இல் வெறும் 5. இந்த மாதிரி மாட்யூல்களாகவே அடுக்கினால் ஒரு தடம் மட்டும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எண்கள் பொருந்தினால் மட்டும் போதாது, இடைவெளியும் வேண்டும். சுவிட்சைப் போடும் நொடியில் எல்லா மாட்யூல்களின் கெபாசிட்டர்களும் ஒரே நேரத்தில் நிரம்பப் பார்க்கும். டிஜிட்டல் மாட்யூல்களும் வால்வு உள்ள மாட்யூல்களும் அந்தச் சில நொடிகளில் வழக்கத்தைவிட அதிகம் இழுக்கும். சப்ளை விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தால், பாதுகாப்புக்காகத் தன்னையே அணைத்துக்கொண்டு, மறுபடி முயன்று, மறுபடி அணையும். விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பெட்டி எழுந்திருக்காது. ஒவ்வொரு தடத்திலும் திறனில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் நான் நிறுத்திக்கொள்கிறேன். இதனால் வெப்பமும் குறையும், நாளைக்கு ஒரு மாட்யூல் சேர்க்க இடமும் இருக்கும்.

வெளியே இருக்கும் அடாப்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் சப்ளை போர்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அடாப்டர் கொடுப்பதற்கு மேல் அதனால் தர முடியாது. இரண்டு 12 வோல்ட் தடங்களிலும் 1.2 ஆம்பியர் என்றால் தலா 14.4 வாட். +5-இல் அரை ஆம்பியர் என்றால் 2.5 வாட். ஆக 31.3 வாட். மாற்றும்போது வீணாவதையும் சேர்க்க வேண்டும். 85 சதவீதம்தான் பயன்படுகிறது என்று கொண்டால் உள்ளே ஏறத்தாழ 37 வாட் வர வேண்டும். 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தருவது 36 வாட். முழுச் சுமையில் இது திணறும். சப்ளையைத் தயாரித்தவர் எந்த வோல்ட்டேஜ் கேட்கிறாரோ அதையே கொடுங்கள், ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கட்டும். பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சப்ளையில் எத்தனை இணைப்பு முனைகள் இருக்கின்றன என்றும் எண்ணுங்கள். மில்லி ஆம்பியர் மிச்சமிருக்க, செருக முனை இல்லாமல் போவது உண்டு. ஒரே மெல்லிய கேபிளில் வரிசையாகப் பல முனைகள் தொங்கும் வகையில் இன்னொரு தொல்லை: கடைசி மாட்யூலுக்குப் போவதற்குள் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும், ஒன்றின் இரைச்சல் மற்றொன்றுக்குப் போகும். சீக்வென்சரின் (சுரங்களை வரிசையாக வாசிக்க வைக்கும் மாட்யூல்) விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் ஆசிலேட்டரின் (ஒலியை எழுப்பும் மாட்யூல்) சுருதி லேசாக ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கேபிளைத்தான். சுருதிக்கு முக்கியமான மாட்யூல்களைச் சப்ளைக்குப் பக்கத்திலும், விளக்குகள் நிறைந்த டிஜிட்டல் மாட்யூல்களை வேறு கேபிளிலும் வைத்துப் பாருங்கள். பஸ் போர்டு (இணைப்பு முனைகள் பதித்த மின்பலகை) உள்ள பெட்டிகளில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

அடுத்தது மாட்யூலைச் சப்ளையோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள். கேபிளின் ஒரு ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு −12 பக்கத்தைக் குறிக்கும் என்பதுதான் வழக்கம். இரண்டு முனையிலும் அது −12 குறிக்கு நேராக இருக்க வேண்டும். 10 பின் இணைப்பைத் திருப்பிச் செருகினால் +12-உம் −12-உம் இடம் மாறிவிடும். 16 பின் இணைப்பைத் திருப்பினால் +12 நேராக கிரவுண்டில் போய் முட்டும். ஒரு நாள் இரவு அவசரமாக ஒரு ஃபில்டரை (ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் மாட்யூல்) இடம் மாற்றினேன். சப்ளைப் பக்கம் சரியாகச் செருகிவிட்டு, மாட்யூல் பக்கம் பார்க்கவே இல்லை. சுவிட்சைப் போட்ட இரண்டாவது நொடியில் கருகிய வாசனை. அந்த ஃபில்டர் பிறகு பேசவே இல்லை. அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

பின்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடும், கேபிளில் அதற்கேற்ற புடைப்பும் இருந்தால் தப்பாகச் செருக முடியாது என்று நம்பிவிடாதீர்கள். கேபிளையே ஒருவர் திருப்பிப் பொருத்தியிருக்கலாம். கூடு இல்லாத பின்களில் ஒரு வரிசை தள்ளிச் செருகிவிடவும் வாய்ப்பு உண்டு. சில மாட்யூல்களில் பாதுகாப்பு டையோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செருக வேண்டும். செருகிய பிறகு இரண்டு முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் தடவை ஒரு மாட்யூலை மட்டும் இணைத்துச் சுவிட்சைப் போட்டு, நலமாக இருந்தால் அணைத்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நேரடியாகக் கையாளும் சப்ளையை மட்டும் தெரியாமல் திறக்க வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து.

பெட்டி வாங்கும்போது எச்பி கணக்கை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆழத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. மாட்யூலின் ஆழத்தோடு பின்னால் மடங்கும் கேபிளுக்கும் இடம் வேண்டும், சப்ளை போர்டுக்கு நேர் மேலே ஆழம் இன்னும் குறையும். 2 எச்பி, 4 எச்பி மாட்யூல்களாகவே திணித்தால், கேபிள்கள் மாட்டிய பிறகு குமிழ்களைத் திருக விரல் நுழையாது. வாசிக்கப் போவது ஒரு கருவியை. கைக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இனி மாட்யூல்கள். ஒலி எழுப்புகிறவற்றை நான்கு வாங்கிவிட்டு, அவற்றை ஆளுவதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது வழக்கமான காட்சி. ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், இரண்டு விசிஏ (ஒலி அளவை வோல்ட்டேஜால் கூட்டிக் குறைப்பது), ஒரு என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுப்பது), ஒரு எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் வோல்ட்டேஜ் தருவது), ஒரு மிக்சர் இருந்தாலே மாதக்கணக்கில் கற்றுக்கொள்ளலாம். அட்டெனுவேட்டர் என்ற சாதாரண மாட்யூலின் அருமை அது இல்லாதபோதுதான் தெரியும். சுருதிக்கு ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்பது யூரோராக் முறை. −5 முதல் +5 வரை ஆடும் எல்எஃப்ஓவை அப்படியே சுருதி உள்ளீட்டில் கொடுத்தால் பத்து ஸ்தாயி ஏறி இறங்கும். லேசான கமகம் வேண்டுமென்றால் அதை நூறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், அதைச் செய்வதுதான் அட்டெனுவேட்டர்.

ஒரே சுருதி வோல்ட்டேஜை இரண்டு ஆசிலேட்டர்களுக்குப் பிரிக்கச் சாதாரண மல்டிப்பிளை நம்பினாலும் சிக்கல் வரலாம். மின்தடை அனுப்பும் பக்கம் 1 கிலோ ஓம், வாங்கும் பக்கம் 100 கிலோ ஓம் என்றால் ஒரு ஆசிலேட்டருக்கே ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். அதாவது ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட் பிசகு (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). இரண்டாவதையும் இணைத்தால் பிசகு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுருதிக்கு மட்டுமாவது பஃபர் (வோல்ட்டேஜ் குறையாமல் நகலெடுத்துத் தரும் சுற்று) உள்ள மல்டிப்பிள் வாங்குங்கள்.

எப்படி வாசிக்கப் போகிறோம், ஒலி எப்படி வெளியே போகும் என்ற இரண்டு கேள்விகளும் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன. கீபோர்டென்றால் அது அனுப்பும் மிடி என்ற டிஜிட்டல் சமிக்ஞையைச் சிவியாக (மாட்யூல்களை ஆளும் வோல்ட்டேஜ்) மாற்றும் மாட்யூல் வேண்டும், இல்லையென்றால் ஒரு சீக்வென்சர். யூரோராக்கின் ஒலி அளவு ஏறக்குறைய 10 வோல்ட் வரை ஆடுவது, சாதாரண ஆடியோ கருவிகள் எதிர்பார்ப்பதைவிட மிகப் பெரியது. அதைக் குறைத்துத் தரும் அவுட்புட் மாட்யூலுக்கும் இடமும் மில்லி ஆம்பியரும் ஒதுக்குங்கள். பழைய கோர்க் எம்எஸ்-20 போன்ற கருவியோடு இணைக்க நினைத்தால், அது ஹெர்ட்ஸுக்கு வோல்ட் என்ற வேறு முறை, நேராகப் பொருந்தாது.

வாங்குவதற்கு முன் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் உங்கள் திட்டத்தை இணைத்து வாசித்துப் பாருங்கள். எது இல்லாமல் தவிக்கிறீர்கள் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். மாடுலர்கிரிட் என்ற இணையதளத்தில் பெட்டியை வரைந்தால் எச்பியும் மில்லி ஆம்பியரும் தானாகக் கூட்டிவரும். ஆனால் அங்குள்ள எண்களில் பலவற்றைப் பயனர்களே பதிந்திருப்பார்கள், தயாரிப்பாளரின் தாளோடு ஒப்பிட்டுவிடுங்கள். என் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மாட்யூலுக்கும் மூன்று தடத்தின் எண்கள், எந்த முனையில் செருகியிருக்கிறது என்ற குறிப்பு, அவ்வளவுதான். புது மாட்யூல் ஆசை வந்தால் முதலில் அந்தத் தாளில்தான் இடம் தேடுகிறேன்.