ஸ்லீவ் கார் மலை ஏறப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

படிக்கவோ வேலைக்கோ அயர்லாந்து போன புதுச்சேரி, கடலூர்ப் பிள்ளைகளிடம் மேயோ மாவட்டத்து ஸ்லீவ் கார் மலையைச் சொன்னால், "721 மீட்டர்தானே, ஏற்காட்டில் பாதிகூட இல்லையே" என்பார்கள். உயரத்தை விடுங்கள். அந்நாட்டிலேயே ஆள் நடமாட்டத்துக்கு ரொம்ப எட்ட இருக்கிற மலை என்று பெயரெடுத்தது அது, வழியெல்லாம் சதுப்பு.

அந்த மண்ணுக்குப் பீட் என்று பெயர். ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பாசியும் புல்லும் முழுசாக மக்காமல் சேர்ந்தது, பெரும்பங்கு தண்ணீர்தான். நம்ம நடவு வயலில் இறங்கினால் முழங்காலுக்குள் கெட்டித் தரை தட்டிவிடும், இங்கே அந்த நம்பிக்கையோடு கால் வைக்காதீர்கள். கண்ணைப் பறிக்கிற பச்சையில் பாசி மெத்தை தெரிந்தால் சுற்றிப் போங்கள், அடியில் தண்ணீர். ஹெதர் என்கிற பழுப்புப் புதர் வளர்ந்த மேடு ஓரளவு தாங்கும். சந்தேகமான இடத்தில் முதலில் கைத்தடியைக் குத்திப் பார்த்து, அப்புறம் கால். கால் புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஷூ உள்ளேயே தங்கிவிடும். பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தை மெல்ல ஆட்டி ஆட்டி உருவுங்கள்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரில் அதுவே எமன். கணுக்காலை மூடும் பூட்ஸ், அதன் மேல் முழங்கால்வரை கெய்ட்டர் (சேறும் தண்ணீரும் பூட்ஸுக்குள் போகாமல் காலைச் சுற்றிக் கட்டுகிற உறை). காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய மழைக்கோட்டு அட்லாண்டிக் காற்றுக்கு நிற்காது, அங்கேயே நல்லதாக வாங்குங்கள். தின்பதற்குப் பண்ருட்டி முந்திரியும் கடலை மிட்டாயும் மேல்பாக்கெட்டில் இருக்கட்டும், விரல் விறைத்த பிறகு புளிசாதப் பொட்டலம் பிரிக்க முடியாது (ஆசையாகத்தான் இருக்கும்).

கிளம்பும் முன் இங்கே ஊரில் இருந்தால் செஞ்சி ராஜகிரி ஏறிப் பழகலாம், முதுகில் பையோடு. காலுக்கு நல்லது, சதுப்புக்கு உதவாது.

வழக்கமாக நியூபோர்ட் பக்கம் லெட்டர்கீனிலிருந்து கிளம்புவார்கள், முழுநாள் நடை. வரைபடக் கணக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சொல்லும். சதுப்பில் மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே பெரிசு. ஜூனில் இரவு 10 மணிவரை வெளிச்சம் உண்டு, டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், அதனால் குளிர்காலத்தில் போகாதீர்கள்.

உச்சியில் பெரிய பழங்காலக் கற்குவியல் இருக்கிறது, மேகம் இறங்கினால் அதுகூடப் பக்கத்தில் போகும்வரை தெரியாது. நனைந்த திரையில் போன் விரலுக்குப் பேசாது, குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும். ஆகவே காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் வேண்டும், அதைவிட முக்கியம் அவற்றைப் பார்க்கத் தெரிவது. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்து, எந்த வழியாகப் போகிறீர்கள் என்று அறைத் தோழரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்து என்றால் 112 அடித்து மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள். சிக்னல் இல்லையா, விசில்: நிமிடத்துக்கு 6 முறை, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும்.