பழைய டிஜிட்டல் கேமராவில் தோட்டத்து அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பது எப்படி?

மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் அரளியோ நந்தியாவட்டையோ நின்றால், டாஃப்னிஸ் நீரி எனும் பச்சைநிறப் பெரிய அந்து அங்கே முட்டையிட வரும். அதைப் படமெடுக்க விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை. அலமாரியில் கிடக்கும் 7 மெகாபிக்சல் கேமரா போதும்.

முதலில் கார்டு. 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் பல பழைய கேமராக்கள் படிக்காது. சிறிய கார்டைத் தேடிப் பிடித்து, கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள். ஏஏ பேட்டரி போடும் மாடலுக்கு ரீசார்ஜ் பேட்டரிதான் தாங்கும்.

வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, அடிப்பகுதியைத் தரையில் விரித்துச் செங்கல் வையுங்கள். கச்சான் எனும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வீட்டின் கிழக்குச் சுவரோரம் கட்டினால்தான் துணி படபடக்காது. துணிக்கு முன்னால் ஒரு பல்பை எரியவிடுங்கள். அந்துகளை ஈர்ப்பதில் புறஊதா ஒளிக்குப் பெரும் பங்குண்டு, வெள்ளை எல்இடி பல்பில் அது மிகக் குறைவு. சிஎஃப்எல் பல்புக்கு அந்துகள் நன்றாக வரும். அமாவாசையை ஒட்டி, ஐப்பசி மழை ஓய்ந்த புழுக்கமான இரவுகள்தான் சிறந்தவை.

பலரும் தடுக்கி விழுவது ஃபோகஸில். கிட்டத்தில் படமெடுக்க உதவும், பூ அடையாளம் போட்ட மேக்ரோவை இயக்கியதும் ஜூம் செய்துவிடுகிறார்கள். பல பழைய கேமராக்களில் 5 செ.மீ. நெருக்கம் ஜூம் துளியும் இல்லாதபோதுதான் கிடைக்கும். ஜூம் செய்தால் கேமரா தூரம் கேட்கும், படம் மங்கும். ஆகவே ஜூமைத் தொடாதீர்கள். சுமார் 10 செ.மீ. தள்ளி நின்று எடுத்து, பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கிட்டத்தில் ஃபிளாஷ் போட்டால் லென்ஸ் குழாயின் நிழல் படத்தின் ஒரு மூலையை விழுங்கும், இறகின் செதில்கள் வெளுத்துப்போகும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச் முகப்பில் பட்டர் பேப்பர் ஒட்டிப் பக்கவாட்டில் சாய்வாக வையுங்கள். செதில்களின் மேடுபள்ளம் அப்போதுதான் தெரியும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, இரண்டு நொடி டைமர், கேமராவுக்கு அடியில் ஒரு ஸ்டாண்டு. இருட்டில் ஃபோகஸ் அலைந்தால், இறகின் ஓரம் துணியைத் தொடும் இடத்தில் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். கேமராவின் முகம் இறகுக்கு இணையாக இருக்கட்டும். சற்றுச் சாய்ந்தாலும் பாதி இறகு மங்கும்.

வெள்ளைத் துணியைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை +2/3 அல்லது +1 ஏற்றுங்கள். படத்தில் பச்சை படிந்தால், அதே துணியைக் காட்டி ஒயிட் பேலன்ஸை அமையுங்கள்.

அதிகாலை 5:30க்கு எழுந்தால் இன்னும் நல்லது. அந்து அசையாமல் இருக்கும். கையால் பிடிக்க வேண்டாம், செதில் உதிரும். காய்ந்த குச்சியை முன்காலுக்கு எதிரே நீட்டினால் தானே ஏறும். பனைமட்டையில் இறக்கிவிட்டு எடுங்கள்.

கடற்காற்றில் லென்ஸில் உப்பு படியும். துடைக்கும்முன் ரப்பர் பம்பால் ஊதுங்கள். நேரடியாகத் துடைத்தால் உப்புத்துகள் கீறிவிடும். பிறகு சிலிக்கா ஜெல் பையுடன் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.