என்தால்பி கணக்கைப் போடுவது எப்படி

வாய்பாட்டை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், என்தால்பி எதற்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள். திறந்த பீக்கரில் நடக்கும் வினையில் வாயு கிளம்பினால், அது சுற்றியுள்ள காற்றைத் தள்ளித்தான் இடம் பிடிக்கணும், அதற்கும் ஆற்றல் செலவாகும், ஆகவே அக ஆற்றல் (பொருளுக்குள் அடங்கியிருக்கும் மொத்த ஆற்றல்) மாற்றத்தை மட்டும் பார்த்தால் வெப்பக் கணக்கு இடிக்கும். அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி, அதை அக ஆற்றலோடு கூட்டினால் வருவது என்தால்பி. அழுத்தம் மாறாமல், விரிவு வேலை தவிர வேறு வேலை நடக்காமல் இருந்தால், உள்ளே வந்த அல்லது வெளியே போன வெப்பமே என்தால்பி மாற்றம். மூடிய பாம் கலோரிமீட்டரில் (எரியும் வெப்பத்தை அளக்கும் கெட்டியான கலம்) கன அளவுதான் மாறாது, அங்கே அளப்பது அக ஆற்றல் மாற்றத்தை. தேர்வில் இதை வைத்தே மடக்குவார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மீத்தேன் 1 மோல் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு 1 மோல், நீர் 2 மோல். 25 டிகிரி செல்சியஸில் உருவாதல் என்தால்பி, அதாவது தனிமங்களிலிருந்து 1 மோல் சேர்மம் உருவாகும்போது வரும் என்தால்பி மாற்றம் (எல்லாம் மோலுக்குக் கிலோஜூலில்): கார்பன் டை ஆக்சைடு −393.5, திரவ நீர் −285.8, மீத்தேன் −74.8. ஆக்சிஜன் தனிமம், இயல்பான நிலையில் இருப்பதால் அதற்குப் பூஜ்யம். விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடு பொருள்களுடையதைக் கழிக்கணும், தலைகீழாக அல்ல. −965.1லிருந்து −74.8ஐக் கழித்தால் −890.3. எதிர்க்குறி, அதாவது வெப்பம் வெளியே போகிறது.

இதே நீரை ஆவியாக எடுத்தால் மதிப்பு −241.8, விடை −802.3 ஆகிவிடும். 88 கிலோஜூல் எங்கே போனது? 2 மோல் நீரை ஆவியாக்குவதற்கு, மோலுக்கு 44 வீதம். அதனால் சமன்பாட்டில் திரவமா வாயுவா என்று குறிக்காமல் கணக்கைத் தொடவே தொடாதீர்கள்.

நேரடியாக அளக்க முடியாத வினைக்கு ஹெஸ் விதி (1840) இருக்கிறது: வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றுதான். கார்பனைக் கார்பன் மோனாக்சைடோடு நிறுத்தி எரிப்பது கஷ்டம், கொஞ்சம் டை ஆக்சைடும் சேர்ந்தே வரும். ஆனால் கார்பன் முழுதாக எரிய −393.5, மோனாக்சைடு எரிய −283.0, இரண்டும் தெரியும். இரண்டாவதைத் திருப்பிப் போட்டால் குறி மாறும், கூட்டினால் −110.5. என்தால்பி நிலைச்சார்பு (தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் மட்டும் பொறுத்தது) என்பதால்தான் இது செல்லும், போன பாதை முக்கியமில்லை.

அப்புறம், எதிர்க்குறி வந்தால் வினை தானாக நடக்கும் என்று எழுதிவிடாதீர்கள். அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே நீரில் தானாகக் கரைகிறது. வினை தானாக நடக்குமா என்று தீர்மானிக்க என்ட்ரோபியும் (ஒழுங்கின்மையின் அளவு) வேண்டும்.