மாருதி 800 போன்ற பழைய கார்களில் கூலன்ட் மாற்றும் முறை

ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும், நீர் இறக்கும் திருகான டிரெயின் பிளக்கைத் திறந்து, வந்ததைப் பிடித்து ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை மாற்றியாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் திறந்தால் வெளியே வருவது பாதியோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலோதான். மீதி எஞ்சின் பிளாக்கிலும் அதன் மேல்மூடியான ஹெட்டிலும் ஹீட்டர் குழாய்களிலும் அப்படியே நிற்கும். பழைய வண்டியில் துருவும் சேறும் அதிகம் படிந்திருப்பதும் அங்கேதான். அதனால் எஞ்சின் பக்கத்தைத் தனியாகக் கழுவாமல் செய்கிற வேலைக்குச் செலவழிக்கிற காசு பாதி வீண்.

இங்கே மாருதி 800-ஐ வைத்து விளக்கியிருக்கிறோம். ஆம்னி, அம்பாசிடர், பத்மினி ஆகியவற்றில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே அதையும் சொல்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது

காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். செங்கல் நிறத்தில் இருந்தால் யாரோ வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எஞ்சின் ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் குழம்பாக இருந்தாலோ பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, கழுத்துப் பகுதியில் குமிழ்கள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலும் அதே சந்தேகம்தான். கேஸ்கெட் போன வண்டியில் கூலன்ட் மாற்றிப் பயனில்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஈரமோ, காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறையோ இருந்தால் பம்ப் சீல் போய்க்கொண்டிருக்கிறது. கூலன்ட் எப்படியும் இறங்கப்போகிறது, பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

வாங்கி வைக்க வேண்டியவை

ரேடியேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய்களான மேல் ஓஸ், கீழ் ஓஸ், ஓஸ் கிளிப்புகள், எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் வழியை மூடி வைக்கும் தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், ரேடியேட்டர் மூடி, டிரெயின் பிளக்குக்கான வாசர். ஓஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும், கிளிப் பக்கத்தில் உப்பியிருந்தாலும் அது போய்விட்டது என்று அர்த்தம். மூடியை வாங்கும்போது பழைய மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதையே கேளுங்கள். 0.9 போட்டிருந்தால் 0.9 தான் வேண்டும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118, 119 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்தால் 100 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பிக்கும். அதிக எண் உள்ள மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரும் ஓஸும் தாங்காது.

கூலன்டில் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஏற்கனவே தண்ணீர் கலந்த ரெடி மிக்ஸ்தான். இந்த வேலைக்கு அது வேண்டாம், தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் கேட்டு வாங்குங்கள். ஏன் என்பது நிரப்பும் இடத்தில் வரும். டப்பாவில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிகள் கலக்கும் சாயம்தான். வேறு வேறு வகைகளைக் கலந்தால் துருத்தடுப்பு மருந்து திரிந்து கூழாகும் வாய்ப்பு உண்டு. பழையது எந்த வகை என்று தெரியாத வண்டியில் முழுக்கக் கழுவச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூடு ஏறும் இடத்தில், அதாவது ஹெட்டைச் சுற்றியுள்ள வழிகளில், உப்புப் படலமாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய படலம் கூட வெப்பம் கடத்துவதைக் கெடுத்துவிடும். மாருதி 800-இன் ஹெட் அலுமினியம், ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே வளைந்துவிடலாம். பேட்டரிக்கு ஊற்றும், உப்புகள் நீக்கிய டி.எம். வாட்டர் ஐந்து லிட்டர் கேனாகவே கிடைக்கும், இரண்டு வாங்கி வையுங்கள்.

பழையதை இறக்குதல்

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் உள்ளிருக்கும் நீர் ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும். வண்டி ஓடி நின்று குறைந்தது மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மேல் ஓஸைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். ரேடியேட்டர் மின்விசிறி சட்டென்று சுழலாமல் இருக்க பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விடுங்கள். ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுப் பக்கம் தள்ளுங்கள், அப்போதுதான் கேபிளால் இயங்கும் ஹீட்டர் வால்வு திறக்கும். நம் ஊரில் ஹீட்டர் ஒழுகியதும் இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அப்படி இருந்தால் இந்தப் படியை விட்டுவிடலாம்.

மூடியைத் திறந்துவிட்டு, அடியில் அகலமான டப் வைத்து டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். பிளக் பிளாஸ்டிக்காக இருந்தால் வெயிலிலும் சூட்டிலும் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். பிளையர் வைத்துத் திருகினால் தலை உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். கையால் வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டுக் கீழ் ஓஸைக் கழற்றுங்கள், இறங்குவதில் வித்தியாசம் இல்லை. ஓஸ் கழுத்தில் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்ப வேண்டாம். கையால் இரு பக்கமும் முறுக்கிப் பாருங்கள். அசையவில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். புது ஓஸ் சில நூறு ரூபாய், கழுத்து உடைந்தால் ரேடியேட்டரே போச்சு.

பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை எஞ்சின் உள்ள பழைய அம்பாசிடரில் பிளாக்கிலேயே தனியாக ஒரு டிரெயின் குழாய் உண்டு. திறந்ததும் எதுவும் வரவில்லை என்றால் பிளாக் காலி என்று நினைத்துவிடாதீர்கள், துருச்சேறு அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்துங்கள், திடீரென்று கொட்டும்.

இறங்கியதை அளவுக் குவளையில் அளந்து எழுதி வையுங்கள். பின்னால் இந்தக் கணக்கு வேண்டும்.

கழுவுதல்

தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் (ஹவுசிங்) போல்டுகளை எடுத்து தெர்மோஸ்டாட்டை வெளியே எடுங்கள். அது உள்ளே இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் வழி மூடியே இருக்கும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பிளாக் வழியாகப் போகாது. போல்டு இறுக்கமாக இருந்தால் துரு விடுவிக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்டு, முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துவிடும்.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வண்டி சூடாகாது என்று மெக்கானிக் ஏற்கனவே கழற்றிப் போட்டிருந்தால் புதிது ஒன்று வாங்கிப் போடுங்கள். அது இல்லாத எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேர்ந்து சேறாகும். வண்டி சூடானதற்கு அடைப்புதான் காரணம், அதைத்தான் இப்போது எடுக்கப்போகிறோம்.

இனி ரேடியேட்டரையும் எஞ்சினையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும். ரேடியேட்டருக்கு, கீழ்க் கழுத்தில் தோட்டக் குழாயைத் துணி சுற்றிப் பொருத்தி, தண்ணீர் மேல் கழுத்து வழியாக வெளியேறும்படி விடுங்கள். ஓட்டம் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் போவதால் குழாய்களின் வாயில் சிக்கிய செதில்கள் பெயர்ந்து வரும். எஞ்சினுக்கு, தெர்மோஸ்டாட் வாய் வழியாகத் தண்ணீர் விட்டுக் கீழ் ஓஸ் வழியாக வெளியேற்றுங்கள். சாதாரண குழாய்த் தண்ணீரின் வேகமே போதும். பிரஷர் வாஷர் வைத்தால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுப்போகும். முதலில் வருவது மண்ணும் துருவும் கலந்த கலங்கலாக இருக்கும். தெளிந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி விட்டுப் பாருங்கள், இன்னொரு முறை கலங்கும். அதுவும் தெளியும்வரை விடுங்கள். கடைசியாக டி.எம். வாட்டரை ஒரு முறை ஊற்றி இறக்கினால் உள்ளே தங்கும் குழாய்த் தண்ணீரும் பெரும்பாலும் போய்விடும்.

துரு கெட்டியாகப் படிந்திருந்தால் கடையில் விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி, டப்பாவில் சொன்ன நேரம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, அதன் பிறகு மேலே சொன்ன கழுவலைச் செய்யுங்கள். இரவு முழுக்க உள்ளே விட்டு வைப்பது தவறு. கழிவறை ஆசிட்டை ஊற்றுவது பெரும் தவறு, அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மிகப் பழைய ரேடியேட்டரில் சில பொத்தல்களை அடைத்து வைத்திருப்பதே அந்தத் துருதான். மருந்து அதைக் கரைத்ததும் ஒழுக ஆரம்பிக்கும். மருந்து அந்த ஓட்டையைப் போடவில்லை, இருந்ததைக் காட்டியிருக்கிறது.

ரிசர்வ் டேங்கைக் கழற்றி, ஒரு கைப்பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் உள்சுவர் அழுக்கு உரியும். அதற்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட் அந்தக் குழாய் வழியாகத்தான் திரும்பி வரும். விரிசல் இருந்தால் அதற்குப் பதில் காற்றை உறிஞ்சும். பத்மினியிலும் பழைய அம்பாசிடரிலும் இந்த டேங்க் கிடையாது. அவற்றில் ரேடியேட்டர் கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஊற்றியது சூட்டில் விரிந்து ரோட்டில் போகும்.

புதியதை நிரப்புதல்

புது தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கிப் பாருங்கள். பொறித்திருக்கும் வெப்பநிலையில், பொதுவாக 82 டிகிரியில், திறக்கத் தொடங்கி, கொதி வரும் முன் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அதன் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி மேல்பக்கமாக வரும்படி வையுங்கள். காற்று தப்பிப் போகும் வழி அதுதான். பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போடுங்கள்.

இப்போது அளவுக் கணக்கு. நம் சமவெளிக்கு 40 சதவீதம் கூலன்ட் போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் 50 வரை போகலாம். 30-க்குக் கீழே போனால் துருத்தடுப்பு போதாது. 60-க்கு மேலே போனால் வெப்பத்தை எடுத்துச்செல்லும் திறனே குறையும், ஏனென்றால் கூலன்டின் முக்கியப் பொருளான கிளைக்காலை விடத் தண்ணீர்தான் வெப்பத்தை நன்றாகச் சுமக்கும். மொத்தக் கொள்ளளவை மேனுவலில் பாருங்கள். அது 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் என்றால் 1.4 லிட்டர் கான்சன்ட்ரேட். கழுவிய பிறகு பிளாக்கில் ஒரு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் தங்கியிருக்கும். புதிதாக உள்ளே போகப்போவது சுமார் 2.4 லிட்டர்தான், நீங்கள் அளந்து வைத்த எண்ணும் இதற்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் 1.4 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டி.எம். வாட்டரால் நிரப்புங்கள். ரெடி மிக்ஸ் ஊற்றியிருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போயிருக்கும். அதை வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

மெதுவாக ஊற்றுங்கள், இடையிடையே மேல் ஓஸைப் பிசைந்து விடுங்கள், உள்ளே அடைபட்ட காற்று களக் களக் என்று வெளியேறும்.

காற்றை வெளியேற்றுதல்

வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, பேட்டரியை இணைத்து, ஹீட்டரைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங்கில் ஓடட்டும். மேல் ஓஸ் திடீரென்று சூடாகும்போது தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அறியலாம். மட்டம் சட்டென்று இறங்கும், உடனே நிரப்புங்கள். குமிழ்கள் நின்று, மட்டம் இறங்காமல் நிற்கும்போது மூடியைப் போட்டு, மின்விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை ஓடவிடுங்கள். விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலும், கையையும் துண்டையும் தள்ளியே வையுங்கள். ஆம்னியில் எஞ்சின் இருக்கைக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால் இருப்பதால் குழாய்கள் நீளம், காற்று வெளியேற அதிக நேரம் பிடிக்கும்.

வெப்ப மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது என்றால் காற்று அடைத்திருக்கிறது. அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி நிரப்புங்கள். அளவுக்கு மீறிச் சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

மறுநாள் காலை மட்டத்தைப் பார்த்து, ரிசர்வ் டேங்கில் லோ, ஃபுல் கோடுகளுக்கு நடுவே நிறுத்துங்கள். ஆறிய வண்டியில் மேல் ஓஸ் சப்பிப்போய் ஒட்டியிருந்தால் மூடியின் நடுவில் உள்ள குட்டி வால்வு திறக்கவில்லை, மூடியை மாற்றுங்கள். கிளிப்புகளை ஒரு முறை இறுக்குங்கள், புது ரப்பர் சூடு கண்டதும் அமுங்கும். முதல் சில நாட்களில் கொஞ்சம் இறங்குவது மிச்சக் காற்று போவதால். வெளியே ஒழுக்கே தெரியாமல் அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், கடையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

வெளியே எடுத்த பழைய கூலன்டைத் திறந்த டப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், சிறிதளவே சிறுநீரகத்தை முடித்துவிடும். கேனில் அடைத்து, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயிலை முறையாக ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். கிணற்றுப் பக்கமோ மழைநீர் வடிகாலிலோ ஊற்ற வேண்டாம். பானெட்டின் உட்புறம் ஒரு டேப்பில் தேதி, கிலோமீட்டர், கூலன்ட் வகை, கலவை விகிதம் நான்கையும் எழுதி ஒட்டுங்கள். பழைய வகைக் கூலன்ட் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். மற்றவற்றுக்கு டப்பாவில் சொன்ன காலம்.